கயிற்றில் ஏறிய மஞ்சள்

என் கழுத்தில் பல மாதங்கள் கிடந்த தாலிக்கயிற்றின் மஞ்சள், மஞ்சள் கிழங்கிலிருந்து வந்ததா, பிளாட்டினத்திலிருந்து வந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கயிறு கையில் இல்லை.

பிளாட்டினம் வெள்ளை உலோகமாயிற்றே, அதற்கு ஏது மஞ்சள் என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரும் முதலில் அப்படித்தான் கேட்டார். அதனால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் கயிற்றுக்கு வர முடியும்.

நவி மும்பையில் ஐரோலிப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் நான் கெமிஸ்ட். பெரிய ஆலைகளில் உழைத்து ஓய்ந்துபோன வினையூக்கிகள் எங்களிடம் டிரம் டிரம்மாக வரும். அவற்றில் ஒட்டியிருக்கும் பிளாட்டினத்தைப் பிரித்தெடுத்து, அமிலமாகவோ உப்பாகவோ மாற்றி, மறுபடியும் ஆலைகளுக்கே அனுப்புவோம். உப்புகள் தயாராகும் அறைதான் என்னுடைய இடம். தாராவியில் பிறந்து, மாட்டுங்காவில் கல்லூரி படித்து, கல்யாணத்துக்குப் பிறகு திலக் நகருக்கு வந்தவள் நான். கல்லூரிப் புத்தகத்தில் பிளாட்டினத்துக்கு அரைப் பக்கம்தான் இருந்தது. பரீட்சைக்கு அதைப் படிக்காமல் விட்டிருந்தேன்.

அந்த அரைப் பக்கத்துக்குள் என்ன இருந்தது என்பதை இந்த அறைக்கு வந்துதான் பார்த்தேன்.

பிளாட்டினத்தை நெருப்பில் காட்டினால் கறுக்காது. தனி நைட்ரிக் அமிலத்தில் போட்டாலும் சரி, தனி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டாலும் சரி, எதுவும் நடக்காதது போல அடியில் கிடக்கும். இரண்டையும் கலந்தால் வரும் ராஜ திராவகத்தில் போட்டுச் சூடாக்கினால் மட்டும் மெல்ல மெல்ல இளகும். தெளிந்த நீர்மத்தில் முதலில் ஒரு வெளிறிய மஞ்சள் இழையும். பிறகு ஆரஞ்சு. பிறகு சிவப்பு. அதைப் பொறுமையாக வற்றவைத்து, மறுபடி அமிலம் விட்டு, மறுபடி வற்றவைத்தால் செம்பழுப்புப் படிகங்கள் கிடைக்கும். குளோரோபிளாட்டினிக் அமிலம் என்று பெயர். ஓர் அறைக்கு நான்கு சுவரும் தரையும் கூரையும் இருப்பதுபோல, ஒரு பிளாட்டினம் அணுவைச் சுற்றி ஆறு குளோரின் அணுக்கள். எதற்கும் அசையாமல் கிடந்த உலோகம் அந்த அறைக்குள் குடியேறியதும் நிறம் வந்து, தாகம் வந்து, வேறு ஒன்றாக ஆகிவிடுகிறது.

தாகம் என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. மும்பை மழைக்காலத்தில் அந்தப் படிகங்களைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்ப முடியாது. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து, கண்ணெதிரே ஓரங்கள் மினுங்கி, கருப்பட்டிப் பாகு போலக் கரைந்து நிற்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று பயந்து போனேன். எங்கள் அறையின் பொறுப்பாளர், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டு அம்மாள், நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ ஒண்ணும் பண்ணலை. அதுக்கு நம்ம ஊர் ஜூலை மாசம் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.”

அந்தச் சிவப்புக் கரைசலில் நவச்சாரம் என்னும் அமோனியம் குளோரைடுக் கரைசலை ஊற்றினால் அடுத்த அதிசயம். தெளிந்த நீரில் திடீரென்று ஒரு மஞ்சள் மேகம் எழுந்து கீழே இறங்கும். எலுமிச்சைத் தோலைப் போன்ற, மங்கலமான மஞ்சள். தண்ணீரில் எளிதில் கரையாது, அப்படியே படிந்துவிடும். வடிகட்டி உலர்த்தி உலையில் வைத்தால் மஞ்சள் எல்லாம் புகையாகப் போய், சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற உலோகம் மிஞ்சும். மேடம் ஒருநாள் அந்தப் பஞ்சில் ஒரு துளியைச் சூடாக்கி, மெத்தனால் ஆவி வரும் குடுவைக்கு மேலே பிடித்துக் காட்டினார். நெருப்பை எடுத்த பிறகும் அது ஆவியைத் தின்று தானாகவே சிவந்து கனன்றது. நான் வாயைத் திறந்தபடி நின்றிருக்க வேண்டும்.

“ஈ போயிடப்போறது,” என்றார் மேடம்.

பிரசவ விடுப்பு முடிந்து மறுபடி வேலைக்கு வந்த சமயம், எங்கள் அமிலம் எங்கெல்லாம் போகிறது என்று கேட்டேன். பெட்ரோல் சுத்திகரிக்கும் ஆலைக்கு, மின்முலாம் பூசுகிறவர்களுக்கு, புற்றுநோய் மருந்துக்கான மூலப்பொருள் செய்கிறவர்களுக்கு என்று மேடம் அடுக்கிக்கொண்டே போனார். அந்த மருந்தில் இரண்டு குளோரின்கள் பிளாட்டினத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் வேலை செய்யும், எதிரெதிரே இருந்தால் அதே பொருட்கள், அதே எடை, ஆனால் பயனில்லை என்றார். பிறகு, “சிலிக்கோன் பண்றவாளுக்கும் போறது. ஒம் பொண்ணு சப்பற நிப்பிள் இருக்கே, அதை இறுக்கறது நம்ம சரக்காவே இருக்கலாம்,” என்றார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பால் புட்டியின் நிப்பிளைக் கொதிநீரிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நிறமும் தெரியவில்லை. பாகு போன்ற சிலிக்கோனை ரப்பராகக் கட்டிப்போட்டுவிட்டு, தன் குளோரினை எல்லாம் உதறிவிட்டு, மிக மிகக் கொஞ்சமாக அந்த உலோகம் அதற்குள் எங்கோ உறைந்திருந்தது. அந்த நிலையில் அது யாரையும் ஒன்றும் செய்யாது. இருந்தாலும் என் கையிலிருந்து போன ஒன்று ஊரைச் சுற்றி என் குழந்தையின் வாய்க்கே வந்து சேர்ந்திருக்கலாம் என்ற நினைப்பில் புல்லரித்தது. பிறகு அந்த நினைப்பே பயமாக மாறியது. நான் அப்படித்தான். எதையும் முழுதாக வியக்க என்னால் முடிவதில்லை, பின்னாலேயே ஒரு ‘ஒருவேளை’ வந்துவிடும்.

இந்த விஷயத்தில் அந்த ‘ஒருவேளை’க்குக் காரணம் இருந்தது. வெறும் பிளாட்டினம் தோலுக்கு மேல் மோதிரமாகக் கிடந்தால் ஒன்றுமில்லை. குளோரின் சூழ்ந்த உப்பாக, தூசியாக அது மூச்சில் போனால் சிலர் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்கிறது. கண்டுகொண்டால் பிறகு மறப்பதில்லை. அதன்பின் கண்ணுக்கே தெரியாத துளி போதும்: கண் எரியும், அடுக்குத் தும்மல் வரும், நெஞ்சு இறுகி மூச்சு இழுக்கும். அப்படி ஆனவர்கள் அந்த அறைக்குத் திரும்பவே கூடாது. அதனால்தான் எங்களுக்கு முகமூடி, முழு உடுப்பு, கையுறை, வேலை முடிந்ததும் கட்டாயக் குளியல். உடுப்பு வெளியே போகாது, அங்கேயே துவைத்து, துவைத்த தண்ணீரையும் தொட்டியில் சேர்ப்பார்கள். கை துடைத்த காகிதத்தைக்கூட எரித்துச் சாம்பலைக் கரைத்து உலோகத்தை எடுத்துவிடுவோம். ஒன்றும் வெளியே போகாது என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு.

உலோக நகை எதுவும் போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்பது இன்னொரு விதி. பிளாட்டினம் திருட்டுப் போகாமல் இருக்க, வாசலில் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மெஷின் வைத்திருந்தார்கள். மேடம் தினமும் தாலிச் சங்கிலியைக் கழற்றி, காலியான டிஃபன் டப்பாவில் போட்டு, லாக்கரில் வைத்துவிட்டு வருவார். எனக்கு மனம் வரவில்லை. கழற்றினால் என்ன ஆகிவிடும் என்று அறிவு கேட்கும். கழற்றிய அன்றைக்கு ஏதாவது நடந்துவிட்டால் என்று இன்னொன்று கேட்கும். என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுபவர், எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருக்கிறார். பகலில் என் மகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அவரிடம் புலம்பினேன்.

“இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?” என்றார். “இரும்பு, தங்கந்தான போடக்கூடாது? தாலிய கழட்டி சாமி மாடத்துல வையி. மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சத் துண்ட கட்டிப் போட்டுக்க. நம்மூர்ல தாலிய சரி பண்ண பத்தர்கிட்ட குடுத்தா அப்படித்தான செய்வாவ. உங்க மெஷினு மஞ்சள கண்டு பிடிக்குமாக்கும்?”

வாசலில் இருந்த மெஷின் கண்டுபிடிக்கவில்லை. காவலுக்கு நின்ற பெண்ணும் தடவிப் பார்த்துச் சிரித்து, “சலோ, சலோ,” என்று விட்டுவிட்டார். விதி உலோகத்தைப் பற்றித்தான் பேசியது, பருத்தி நூலைப் பற்றிப் பேசவில்லை. கயிறு உடுப்பின் கழுத்துப் பட்டைக்குள் கிடந்தது. குளியலிலும் கழுத்திலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கு மஞ்சள் பூசினேன். நான் செய்ததிலேயே புத்திசாலித்தனமான ஏற்பாடு அது என்று நினைத்திருந்தேன்.

என் மகளுக்கு அந்தக் கயிறு என்றால் உயிர். ரயில் மாறி, வாஷியிலிருந்து லேடீஸ் டப்பாவில் நசுங்கி நான் வீடு வந்து சேர்ந்ததும் என் மடியில் ஏறி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, நுனியில் இருக்கும் மஞ்சள் துண்டைச் சப்புவாள். அப்படியே தூங்கிப்போவாள். மஞ்சள்தானே, கிருமிக்கு நல்லது என்று மதினி சொல்வார். நானும் விட்டுவிடுவேன்.

மழை தொடங்கியதும் அவளுக்கு இளைப்பு வந்தது. மூச்சை இழுத்துவிடும்போது மெலிதாக ஒரு சீட்டிச் சத்தம். கன்னத்தில் ஓர் ஓரமாகத் தடிப்பு. செம்பூரில் குழந்தை டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, இந்தப் பக்கத்துக் காற்றில் மழை மாதங்களில் அவரிடம் வரும் குழந்தைகள் பாதிப்பேர் இதற்குத்தான் வருகிறார்கள் என்றார். என் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஆடிப்பெருக்கு அன்று மதினி வழக்கம்போல எனக்குப் புதுக் கயிறு கட்டிவிட்டார். பழையதை அவரே எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு சில நாட்கள் கழித்துத்தான் தொழிற்கூடத்துக்கு வரும் டாக்டர் எங்கள் எல்லோருக்கும் வழக்கமான பரிசோதனையைச் செய்தார். முன்கையில் மூன்று சொட்டு வைப்பார். ஒன்று உப்புத் தண்ணீர், ஒன்று யாருக்கும் தடிக்க வைக்கும் மருந்து, மூன்றாவது எங்கள் பிளாட்டினம் உப்பை மிக மிக நீர்க்கச் செய்த கரைசல். சொட்டின் வழியே ஊசி முனையால் மெல்லக் குத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடலில் விட்ட சொட்டுபோல நீர்த்துப்போன ஒன்றை உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் என்பதை நினைத்து ஒவ்வொரு முறையும் நான் அசந்துபோவேன். அந்த அளவை அளக்க எங்கள் அறையில் எவ்வளவு பெரிய கருவி வேண்டும்! தோலுக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

இந்த முறை மூன்றாவது சொட்டு இருந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு மேடு எழும்பியது. டாக்டர் அளவுகோல் வைத்துப் பார்த்தார். கணக்கில் எடுக்கும் அளவுக்கு அது பெரிதாக இல்லை, இல்லை என்று தள்ளும் அளவுக்குச் சிறிதாகவும் இல்லை. பிறகு என் கழுத்தைப் பார்த்தார். கயிறு கிடக்கும் தடத்தில் மங்கலாக ஒரு சிவப்புக் கோடு. இது என்ன, இதோடா உள்ளே போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் போனதும் மேடம் சொன்னார்: “இருக்குன்னும் சொல்ல மாட்டாராம், இல்லைன்னும் சொல்ல மாட்டாராம். பொண் பாத்துட்டுப் போன மாப்பிள்ளை ஆத்துக்காரா மாதிரி பேசறார். நீ கொஞ்ச நாள் உள்ள வர வேண்டாம், பேப்பர் வேலையப் பாரு. ஆமா, அந்தப் பழைய கயிறு எங்கே?”

“மதினிகிட்ட இருக்கும்.”

“நாளைக்கு எடுத்துண்டு வா. எரிச்சு, சாம்பலைக் கரைச்சுப் பாத்துடலாம். இருந்தா தெரிஞ்சுடும்.”

“தாலிக்கயித்த எரிக்கிறதா மேடம்?”

“அப்போ ஃபிரேம் போட்டு மாட்டிக்கோ.”

ரயிலில் வரும்போது என் மூளை எனக்கு எதிராக வேலை செய்தது. அமிலத்தின் ஈரத்துளி காற்றில் வந்து கயிற்றில் பட்டிருந்தால், அங்கே என் வியர்வை இருந்திருக்கும். வியர்வையில் பொட்டாசியம் உண்டு, கொஞ்சம் அமோனியாவும் உண்டு. இரண்டோடும் சேர்ந்தால் அது எளிதில் கரையாத மஞ்சள் உப்பாகலாம். குளியல் தண்ணீரிலும் முழுதாகப் போகாது. நூலின் இழைகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். மஞ்சள் பூசிய கயிற்றில் மஞ்சள் ஏறினால் யாருக்குத் தெரியும்? வெள்ளை நூலாக இருந்திருந்தால் ஒருநாள் நானே பார்த்திருப்பேன். இத்தனைக்கும் நடுவில், எவ்வளவு கச்சிதமான வேதியியல் என்று ஒரு கணம் வியந்ததும் உண்மை.

மதினி என் மகளை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“மதினி, அன்னைக்கு கழட்டுன கயித்த எங்க வச்சிய?”

“எதுக்குட்டி?”

“வேணும்.”

“பழைய கயித்த யாராவது வீட்ல வைப்பாவளா? கோயில் வாசல்ல நிர்மால்ய டப்பா இருக்குல்லா, அதுல பூவோட சேத்துப் போட்டேன். கடல்ல கொண்டு விடலாம்னா, எங்க வீட்டுக்காரவ இந்த டிராபிக்ல என்னால முடியாதுன்னுட்டாவ.”

நான் விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். அவர் நகவெட்டியைக் கீழே வைத்தார்.

“அப்போ நான் சொன்ன கயித்தாலதான் பிள்ளைக்கு இளைப்பு வந்துன்னு சொல்லுதியா?”

“அப்படிச் சொல்லல மதினி.”

“பின்ன யாரு சொல்லுதா, டாக்டரா?”

“யாருக்கும் தெரியாது. அதத்தான் சொல்லுதேன்.”

“தெரியாததுக்கு எதுக்கு மூச்சு வாங்க ஓடி வார?” என்றவர், மகளின் கையை மறுபடி எடுத்து, மிச்ச விரல்களின் நகத்தை வெட்டத் தொடங்கினார். முன்பைவிட மெதுவாக வெட்டினார். அன்று அவர் எனக்கு டீ போட்டுத் தரவில்லை.

கோயிலுக்குப் போய்க் கேட்டேன். வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது, உரமாக்கிப் பூங்காக்களுக்குப் போடுவார்கள் என்றார்கள். ஒருவேளை அந்தக் கயிற்றில் பிளாட்டினம் இருந்திருந்தால், இன்று இந்த நகரத்தின் ஏதோ ஒரு செடியடியில் அது கிடக்கிறது. மண்ணில் எத்தனை காலம் கிடந்தாலும் அந்த அணுவுக்கு ஒன்றும் ஆகாது. கை துடைத்த காகிதத்தைக்கூட வெளியே விடாத இடத்திலிருந்து ஒரு சிட்டிகை, ஆடிப்பெருக்கின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்.

சில நாளே கழுத்தில் கிடந்த புதுக் கயிற்றை எரித்துப் பார்த்துப் பயனில்லை; அதைக் கழற்றிவிட்டுத் தாலியையே மறுபடி போட்டுக்கொண்டேன். என் மகளுக்கும் அந்தச் சொட்டுப் பரிசோதனையைச் செய்ய முடியுமா என்று தொழிற்கூட டாக்டரிடம் கேட்டேன். வெறும் சந்தேகத்துக்காக இவ்வளவு சின்னக் குழந்தையின் உடம்புக்கு அந்த உப்பைப் புதிதாகக் காட்டுவதா என்று அவர் திருப்பிக் கேட்டார். கேட்டதற்கே வெட்கப்பட்டேன். பிள்ளையார் சதுர்த்தி நெருங்கும்போது அவளுடைய இளைப்பு அடங்கியது. கயிறு மாறியதாலா, நான் அந்த அறைக்குள் போகாததாலா, மருந்தாலா, மழை குறைந்ததாலா? எல்லாமே ஒரே சமயத்தில் மாறிவிட்டன. ஆய்வுக்கூடத்தில் யாராவது இப்படி ஒரு சோதனையைச் செய்துகொண்டு வந்தால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

சென்ற வாரம் டாக்டர் மறுபடி மூன்று சொட்டு வைத்தார். காத்திருந்த நேரம் முழுக்க நான் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். மூன்றாவது இடத்தில் இந்த முறை ஒன்றுமே எழும்பவில்லை. கழுத்தின் கோடும் மறைந்திருந்தது. முதல் மேடு கயிறு உரசிச் சிவந்ததைப் போன்ற தோலின் வெற்றுக் கோபமாக இருக்கலாம், அல்லது உடம்பு ஒவ்வாமையின் கதவருகே வந்து நின்று திரும்பிப் போனதாக இருக்கலாம், உத்தரவாதம் தர முடியாது என்றார். பருத்தி நூலும் கூடாது என்று விதியில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். உள்ளே வரலாம் என்று எனக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. தீபாவளி விடுமுறை முடிந்ததும் பதில் சொல் என்கிறார் மேடம். வராவிட்டால் பேப்பர் வேலை எனக்கு நிரந்தரம். அந்த மேசையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு அப்பால் சிவப்புக் கரைசலில் மஞ்சள் மேகம் இறங்குவது தெரிகிறது. யாரோ ஒருவர் ஊற்றுகிறார். கை பரபரக்கிறது.

மதினி ஒரு வழியாகச் சமாதானமாகிவிட்டார். நேற்று என் மகளுக்குத் தலை சீவிக்கொண்டே சொன்னார்: “தாலி சாமி மாடத்துல கெடக்கட்டும். நீ வெறுங்கழுத்தோட போயிட்டு வா. அந்திக்கு நானே எடுத்து மாட்டி விடுதேன். எதிர்த்த வீட்டுக்காரி என்னன்னு கேட்டா நான் பாத்துக்கிடுதேன், அவளுக்கு வாய் இருந்தா எனக்கும் இருக்கு. ஆனா பிள்ளைக்கு மறுபடி மூச்சு இழுத்துன்னா, எதாலன்னு இந்தத் தடவையும் தெரியாதுல்லா? அப்போ நாம ரெண்டு பேரும் என்னட்டி செய்வோம்?”

என் மகள் இப்போது கயிறு இல்லாத கழுத்தில் கையை வைத்துத் தேடுகிறாள், கிடைக்காமல் என் காது மடலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

இதைப் படிப்பவர்களில் ஆய்வுக்கூடத்திலோ மருந்து ஆலையிலோ, அப்படிப்பட்ட வேறு இடத்திலோ வேலை செய்துகொண்டே பிள்ளை வளர்த்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். வீட்டுக்கு எதைக் கொண்டுவருகிறோம் என்று நிச்சயமாகத் தெரியாமல் எப்படி அந்த வேலைக்குத் திரும்பினீர்கள்? திரும்பாதவர்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்? தாலியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில் எனக்கு இப்போது தயக்கமில்லை. நான் உள்ளே போகலாமா என்பதை மட்டும், உங்களுக்குத் தெரிந்த வரையில், சொல்லுங்கள்.